மெட்டில்டா கேட்ட பிணைத்தொகை

தன் வீட்டுக்கு ஓர் ஆபத்து வருமென்றால் அது சமையலறை வழியாகத்தான் வரும் என்று ஆடிட்டர் எலியேசர் தீர்மானமாக நம்பினார்.

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில் அவர் வீடு. முன்னறை ஆபீஸ். பின்பக்கம் குடித்தனம். நடுவே ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டி மனைவி மெட்டில்டா வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் சபையின் பெண்கள் சங்கத்து வரவு செலவை டைப் அடிக்கும்போதெல்லாம் அவர் பின்னாலேயே நின்று காவல் காப்பார். மெட்டில்டா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிலீஷ் தெரிந்தால் போதுமா? கம்ப்யூட்டருக்கு ஒரு புத்தி வேண்டாமா? அந்தப் புத்தி ஆண்டவன் படைத்தவர்களில் தனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே வாய்த்திருப்பதாக எலியேசருக்கு எண்ணம்.

இந்தச் சமயத்தில்தான் ஊரப்பாக்கத்து ஆடிட்டர் ஸ்ரீரங்கனுக்கு அந்தக் கதி நேர்ந்தது. ஏதோ ஒரு மெயிலைத் திறந்தார். கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை கணக்கும் பூட்டிக்கொண்டது. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றான் முகம் தெரியாத ஒருவன். கட்டினார். சாவி வரவில்லை. விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கிப் பார்த்தார். கிளையண்டுகள் தாங்களாகவே கண்டுபிடித்து வாசலில் வந்து நின்று கத்தினார்கள். இப்போது ஆபீஸ் மூடிக் கிடக்கிறது. மனிதர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

அதைக் கேட்ட மறுநாள் காலை, தோசைக்கு நடுவே, எலியேசர் சட்டம் போட்டார்.

"இன்னிலேர்ந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நீ கை வைக்கக் கூடாது."

"சங்கக் கணக்கு?"

"நோட்டுல எழுது."

"ஏன், நான் என்ன திருடியா?"

"திருடி இல்ல மெட்டில்டா. திருடனுக்கு நீ கதவு. வீட்ல யாருக்கு விவரம் பத்தாதோ அவங்க வழியாத்தான் அவன் உள்ள வருவான்."

மெட்டில்டா தோசையைத் திருப்பினாள். தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தித் திருப்பினாள்.

"அடுத்தது, யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாத. பாஸ்வேர்டு கேட்டாலும் சொல்லாத. பேங்க் மேனேஜரா இருந்தாலும் சரி, பாஸ்டர் ஐயாவா இருந்தாலும் சரி."

"நீங்க கேட்டா?"

"நானே போன்ல கேட்டாலும் சொல்லாத. இப்பல்லாம் நம்ம குரல் மாதிரியே பேசுறானுங்க."

"அப்ப தினம் காலைல கிளையண்டுக்கெல்லாம் போன் போட்டு, 'ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க'ன்னு நீங்க கேக்கறீங்களே?"

"அது வேற. நான் ஆடிட்டர்."

"திருடனும் அப்படித்தானங்க சொல்லுவான்?"

எலியேசர் கொஞ்சம் சட்னி போடச் சொன்னார்.

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கிளையண்டின் போனுக்கு ஓர் எண் போகும். ஆடிட்டர் கூப்பிட்டுக் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். ஆண்டாண்டு காலமாக நடக்கிற வழக்கம். மெட்டில்டாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, இப்போது செம்பாக்கத்தில் தனியாக இருக்கும் சாராள் டீச்சருக்கு இதில் அபாரத் தேர்ச்சி. எலியேசரின் ஆபீஸ் என்று காதில் விழுந்ததுமே கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை வாசித்துவிடுவார். எதற்கு என்று கேட்டதில்லை. இப்படி ஒரு கிளையண்ட் அமைவது பாக்கியம் என்று எலியேசர் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

சட்டம் போட்ட கையோடு கம்ப்யூட்டருக்கும் புதிய பாஸ்வேர்டு போட்டார். நீளமானது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் நட்சத்திரம் எல்லாம் உண்டு. எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்து வளர்ந்த தொழில் அல்லவா அது? எலியேசருக்கு விரல் ஓடினால் வாயும் கூடவே ஓடும். தினமும் காலையில் அவர் அந்தப் பாஸ்வேர்டை நட்சத்திரம் உட்பட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மெட்டில்டா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

செப்டம்பர் வந்தது. ஆடிட் அறிக்கைகளுக்குக் கடைசித் தேதி நெருங்கியது. உதவிக்கு இருந்த கிறிஸ்டி பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். எலியேசர் தனியாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் ஷ்யாம்சுந்தர். பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கிளையண்ட். "பேங்க் ஸ்டேட்மெண்ட் இணைத்திருக்கிறேன் சார். பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு கீழே."

பேங்குகள் ஸ்டேட்மெண்டைப் பூட்டித்தான் அனுப்பும். பிறந்த தேதியையோ பான் எண்ணையோ போட்டுத் திறப்பது ஆடிட்டர்களுக்குக் காலைக் காப்பி மாதிரி. பூட்டு இருந்தால் உள்ளே இருப்பது பத்திரமான சரக்கு என்று நம்பிப் பழகிவிட்டது அந்தக் கை. பூட்டுக்குள் இருப்பதை ஆன்ட்டி வைரஸாலும் பார்க்க முடியாது என்பதை அந்தக் கை யோசிக்கவில்லை. எலியேசர் பாஸ்வேர்டைப் போட்டார். திறந்தது. அப்போதுதான் ஆன்ட்டி வைரஸ் விழித்துக்கொண்டு திரையில் சிவப்பாகக் குதித்தது.

"சனியனே, உனக்கு ஆடிட் சீசன்னு தெரியாதா?" என்று சொல்லி அதை அணைத்தார்.

ஆடிட் அறிக்கையில் ஒரு பக்கத்தை நிரப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் புரியாத எழுத்துக்களாக மாறின. திரை கறுத்தது. நடுவே வெள்ளை எழுத்தில் ஓர் இங்கிலீஷ் கடிதம். 'அன்புள்ள ஐயா' என்று ஆரம்பித்தது. உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது. பணம் கட்டினால் சாவி தருவோம்.

எலியேசர் எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். எத்தனை பேருடைய வருமானம், கடன், வைப்புத் தொகை! கணவனிடம்கூடச் சொல்லாத சேமிப்பை அவரிடம் சொன்ன பெண்கள் உண்டு. பெற்ற பிள்ளைக்குத் தெரியாத சொத்தை அவரிடம் சொன்ன கிழவர்கள் உண்டு. அத்தனையும் இப்போது எவன் மடியில் கிடக்கிறதோ. அவருக்கு அழவேண்டும் போலிருந்தது. அதற்குள் மெட்டில்டா காப்பியோடு வந்துவிட்டாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர் இருட்டா கிடக்கு?"

"கரண்ட் இல்ல."

மெட்டில்டா தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எலியேசர் மின்சார ரயில் பிடித்து ஊரப்பாக்கத்துக்கு ஓடினார். ஸ்ரீரங்கனின் மனைவி லோகநாயகி கதவைப் பாதி திறந்து, "அவர் யாரையும் பாக்கறதில்லையே" என்றாள். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ, மீதிக் கதவையும் திறந்தாள். ஸ்ரீரங்கன் ஈசி சேரில் கிடந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"உங்களுக்குமா?" என்றார்.

எலியேசர் தலையை ஆட்டினார்.

"பணம் கட்டாதீங்க சார். நான் கட்டினேன், ஏமாந்தேன்."

"கிளையண்டுகிட்ட சொல்லாம சமாளிக்க வழி ஏதாவது இருக்கா?"

ஸ்ரீரங்கன் ஈசி சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கணக்கு போனதுக்கு யாரும் என்னை வையலை சார். சொல்லாம விட்டேன் பாருங்க, அதுக்குத்தான் வாசல்ல வந்து துப்பிட்டுப் போனாங்க" என்றார்.

நல்ல புத்திமதிதான். வண்டலூர் தாண்டும்வரை எலியேசர் மனதில் இருந்தது. தாம்பரத்தில் இறங்கியபோது இல்லை.

வீட்டில் மெட்டில்டா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் பழைய அட்டைப்பெட்டி. பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள்.

"நீங்க போனதும் ஆபீஸுக்குள்ள போய்ப் பார்த்தேன்" என்றாள். "லெட்டர் படிச்சேன். இங்கிலீஷ் பரவாயில்ல. ஒரு தப்புதான் இருக்கு."

எலியேசர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மெட்டில்டா பெட்டிக்குள் கைவிட்டு, ஸ்டாருக்கு அடியிலிருந்து கையடக்கமான ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்க ஆபீஸ் மொத்தமும் இதுல இருக்கு. ஸ்ரீரங்கன் சார் விஷயம் கேட்டதிலேர்ந்து எனக்குப் பயம். நம்ம பொண்ணு ஜெரூஷாதான் போன்ல சொல்லிக்குடுத்தா. வாராவாரம் நீங்க பிரியாணி சாப்பிட்டுத் தூங்கறப்ப ஒரு காப்பி எடுத்து வச்சுடுவேன்."

"கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க."

"பாஸ்வேர்டு எப்படிக் கிடைச்சுது?"

"தினம் காலைல ஜெபம் மாதிரி சத்தமா சொல்றீங்களே!"

எலியேசருக்கு மூக்கு உடைந்ததுகூட உறைக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்துவிட்டது. ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு டிஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அது பூட்டியிருக்கு" என்றாள் மெட்டில்டா.

"பாஸ்வேர்டு சொல்லு."

"சொல்றேன். ஃபைல் திரும்பி வந்துடும். ஆனா அவன்கிட்ட ஒரு காப்பி இருக்குன்னு அவனே எழுதியிருக்கான். அத்தனை பேர் பான் நம்பர், பேங்க் நம்பர், போன் நம்பர். நீங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, இந்த மாதிரி ஆயிடுச்சு, என் தப்புதான், ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் பாஸ்வேர்டு தர்றேன்."

ஆக, ஒரே ஆபீஸுக்கு இப்போது இரண்டு பேர் பிணைத்தொகை கேட்டார்கள். ஒருவன் முகம் தெரியாதவன். இன்னொருத்தி அவரிடம் தாலி கட்டிக்கொண்டவள். எலியேசருக்கு முதல் ஆள் தேவலை என்று தோன்றியது. அவன் பணம்தான் கேட்டான். கடிதத்தின் கடைசி வரியில், சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் போட்டிருந்தான்.

"ஆடிட் தேதி முடியட்டும், சொல்லிடறேன்."

"இப்ப சொல்லுங்க."

"எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடட்டுமா?"

"மெயில்லதானே வந்துது?"

"மானம் போயிடும் மெட்டில்டா! ஞாயித்துக்கிழமை சபையில எப்படித் தலை நிமிர்ந்து உக்காருவேன்?"

"குனிஞ்சு உக்காருங்க. அது ஜெபம் பண்ற இடம்தானே!"

மறுநாள் காலை எலியேசர் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார். பழைய லேப்டாப்பில் டிஸ்கைச் சொருகினார். ஊரார் பூட்டையெல்லாம் பிறந்த தேதி போட்டுத் திறக்கிற தனக்குக் கட்டிய மனைவியின் பூட்டு எம்மாத்திரம்? மெட்டில்டாவின் பிறந்த தேதியைப் போட்டார். திறக்கவில்லை. பெயரோடு சேர்த்துப் போட்டார். தேதியைத் திருப்பிப் போட்டார். கல்யாண நாள். மகள் ஜெரூஷா பிறந்த நாள். மாமனார் இறந்த நாள். வீட்டு நம்பர், ஸ்கூட்டர் நம்பர், கேஸ் சிலிண்டர் நம்பர். ஒன்றுக்கும் அசையவில்லை. கிளையண்டுகளுக்குப் போன் போட வேண்டிய பொழுது முழுவதும் இப்படிக் கழிந்தது.

மத்தியானம் அவர் போன் அடித்தது. சாராள் டீச்சர்.

"தம்பி, காலைல உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பையன் பேசினான். ரொம்ப மரியாதையான பையன். எனக்கு ரீஃபண்டு வந்திருக்குன்னான். என் பான் நம்பரை அவனே சொன்னான். பேங்க் நம்பரும் சொன்னான். எங்க வீட்டுக்காரர் பேர்கூடச் சொன்னான். ஓடிபி கேட்டான். நீங்க எப்பவும் கேக்கறதுதானேன்னு சொன்னேன். மறுபடியும் கேட்டான், மறுபடியும் சொன்னேன்."

எலியேசர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இப்ப கணக்குல ஒண்ணுமே இல்லன்னு மெசேஜ் வந்திருக்கு. ரீஃபண்டு போடறதுக்கு முன்னாடி, இருக்கறதை எடுத்துட்டுத்தான் போடுவாங்களா தம்பி?"

அவர் கதவைத் திறந்துகொண்டு போய் மெட்டில்டாவின் கையில் போனைத் திணித்தார். அவள் காதில் வைத்துக் கேட்டாள். முகம் வெளுத்தது. "டீச்சர், வேற எந்தப் போனையும் எடுக்காதீங்க. நான் வர்றேன்" என்றாள். சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் பேசினாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். எலியேசரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது என்ன பணம் என்று எலியேசருக்குத் தெரியும். அவர்தானே கணக்குப் பார்க்கிறவர். டீச்சரின் கணவர் இவரோடு பாடகர் குழுவில் பாஸ் எனும் கனத்த அடிக்குரலில் பாடியவர். அவர் கல்லறைக்கு இன்னும் கல் பதிக்கவில்லை. வருகிற கல்லறைத் திருநாளுக்குள் கருங்கல்லில் பெயர் வெட்டிவிட வேண்டும் என்று பென்ஷனிலிருந்து டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டு வந்த பணம் அது. கேட்டதும் ஓடிபி சொல்லிவிட வேண்டும் என்று டீச்சரைப் பழக்கியது திருடன் இல்லை. எலியேசர். காலையிலேயே போன் போட்டிருந்தால் முதலில் பேசியது இவராக இருந்திருக்கும். அந்த நேரத்தில் இவர் கேஸ் சிலிண்டர் நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தார். ஆரம்பித்தார்.

ஷ்யாம்சுந்தர், "நான் மெயிலே அனுப்பலையே சார்" என்று அலறினார். பம்மல்காரர் ஒருவர் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை சொன்னார். இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, என் ரீஃபண்டு எப்ப வரும்?" என்றார். சிலர் பேசாமல் வைத்தார்கள். கத்தியவர்களைவிட அவர்கள்தான் அதிகம் வலித்தார்கள். ஒவ்வொருவரிடமும், "என் பேரைச் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும் குடுக்காதீங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார். சொல்லச் சொல்லத் தொண்டை கட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மெட்டில்டா திரும்பி வந்தாள்.

"பணத்துல கொஞ்சத்தை பேங்க்ல மறிச்சு வச்சிருக்காங்களாம். மீதி போனது போனதுதான்னு சொல்றாங்க" என்றாள். உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

எலியேசர் டிஸ்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "எல்லாருக்கும் சொல்லிட்டேன் மெட்டில்டா."

"சாராள் டீச்சருக்கு?"

"அவங்களுக்குத்தான் தெரியுமே. நீதானே கூட இருந்த."

"பணம் போனது தெரியும். அவ்வளவு விவரமும் அவனுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டாங்க. ஆடிட்டர் சொல்லுவார்னு சொல்லியிருக்கேன்."

"சொல்றேன். நாளைக்குக் கட்டாயம் சொல்றேன். இப்ப பாஸ்வேர்டைக் குடு. வேலை தலைக்கு மேல கிடக்கு."

"பாஸ்வேர்டு என்ன பெரிய ரகசியம்? என் பிறந்தநாள்தான்."

"பொய்! அதைத்தான் முதல்ல போட்டேன்."

"என்னன்னு போட்டீங்க?"

"ஜூன் ஒண்ணு."

"அது பான் கார்டுல இருக்கற தேதி. ஸ்கூல்ல சேக்கறப்ப வயசு பத்தலைன்னு எங்கப்பா ஏத்திச் சொன்னது. நான் பொறந்தது வேற நாள். கல்யாணமான புதுசுலயே சொன்னேன்."

சொன்னது எலியேசருக்கு லேசாக ஞாபகம் வந்தது. தேதி வரவில்லை. வருஷா வருஷம் ஜூன் முதல் தேதி மெட்டில்டாவின் போனுக்கு பேங்கிலிருந்து வாழ்த்து வரும். அதைப் பார்த்து இவரும் வாழ்த்துவார். அவளும் தாங்க்ஸ் சொல்வாள்.

"சரி, எந்த நாள்னு சொல்லிடு."

"யார் பாஸ்வேர்டு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு இந்த வீட்ல சட்டம் இருக்குங்க" என்றாள் மெட்டில்டா. "எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் போயாச்சு. ஜெரூஷாவும் உங்களைப் பாத்து ஜூன் ஒண்ணுக்குத்தான் வாழ்த்தறா. அந்த நாளை ஞாபகம் வச்சிருக்கறது இப்ப ஒரே ஒருத்தர்தான். ஸ்டாஃப் ரூம்ல பக்கத்து நாற்காலி. இன்னிக்கு வரைக்கும் வருஷம் தவறாம கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு வருவாங்க. வேணும்னா அவங்களைக் கேட்டுக்குங்க."

யாரென்று எலியேசர் கேட்கவில்லை. அந்தக் கேக்கை வருஷா வருஷம் அவரும் சாப்பிட்டிருக்கிறார். முந்திரி நிறையப் போட்ட கேக். எதற்கு என்றுதான் கேட்டதில்லை.

வேறு வழியில்லை. போனை எடுத்தார். விஷயத்தைப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், முதலில் தேதியை வாங்கிவிடுவோம் என்று மனதுக்குள் கடைசியாக ஒரு கணக்குப் போட்டார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"டீச்சர், நான்தான் எலியேசர் பேசறேன். ஒண்ணுமில்ல, ஒரு சின்ன விஷயம். நம்ம மெட்டில்டாவோட பிறந்த தேதி கொஞ்சம் சொல்லுங்க."

அந்தப் பக்கமிருந்து, அழுது ஓய்ந்த ஒரு குரல் நிதானமாக வந்தது.

"போன்ல யார் என்ன கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு மெட்டில்டா இன்னிக்கு எனக்குச் சொல்லிக்குடுத்திருக்கா. நீங்க நிஜமாவே எலியேசர்தான்னா, என் வீடு உங்களுக்குத் தெரியும். நேர்ல வந்து என் முகத்தைப் பாத்துக் கேளுங்க."